யூனிஸ் அக்கா சொல்ல மறுத்த வாக்கியம்

நீலசந்திராவில் ஒரு மட்டன் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது எங்கள் சபை. அங்கே பிரசங்கம் எப்போதும் இரண்டு வாயால் நடக்கும். பாஸ்டர் ஜெயராஜ் தமிழில் ஒரு வாக்கியம் சொல்வார். பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நிற்கும் யூனிஸ் அக்கா அதைக் கன்னடத்தில் சொல்வார். அக்கா முடிக்கிற வரைக்கும் பாஸ்டர் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. மண்டியா பக்கமிருந்து பிழைக்க வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட சில குடும்பங்களுக்காக ஏற்பட்ட வழக்கம் இது. மற்றபடி அந்த ஹாலில் உட்காரும் தமிழர்கள் எல்லோருக்கும் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. அது இல்லாமல் இந்த ஊரில் ஒரு கட்டு கீரை வாங்க முடியாது.

நான் அமல். ஆஸ்டின் டவுனில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். சபையில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. அதனால் யூனிஸ் அக்காவிடம் மற்றவர்களைவிட அதிகமாகத் திட்டு வாங்கியவன். பிரசங்கத்துக்கு நடுவிலேயே, "அமலு, தூங்கினு இருக்கியா? சத்தத்த ஏத்து" என்பார். திட்டுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு கிடையாது.

அக்காவுக்கு வேலை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வாரம் முழுக்கச் சிவாஜிநகர் நெரிசலில் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று ஆட்களை முன்னே தள்ளிக் கத்துகிற தொண்டை, ஞாயிற்றுக்கிழமை எப்படித்தான் அவ்வளவு இளகிப்போகுமோ தெரியாது. பாஸ்டர் ஒரு வேடிக்கை சொன்னால் தமிழர்கள் முதலில் சிரிப்போம். அடுத்த நொடி கன்னடக்காரர்கள் சிரிப்பார்கள். சில நாள் அவர்கள்தான் அதிகமாகச் சிரிப்பார்கள். இது கர்த்தர் கொடுத்த வரம் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "கவர்மெண்ட் ஸ்கூல்ல அடி வாங்கிப் படிச்சது. போவியா" என்பார். எனக்கு அது வரம்தான். அந்த மைக் இல்லாவிட்டால் கன்னடக் குடும்பங்கள் மூலையில் உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஷில்பா அப்படி வந்தவள்தான். அபார்ட்மெண்டில் வீட்டு வேலை. புருஷன் விட்டுப் போய்விட்டான். தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவளுடைய சின்ன மகள் மகாவுக்கு வலிப்பு. ஒரு தடவை மாத்திரை தீர்ந்துபோய், லீவு கிடைக்காமல், நாளைக்கு நாளைக்கு என்று ஷில்பா தள்ளிப்போட்டிருக்கிறாள். அக்காவின் பஸ்ஸில் போகும்போதே பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. அக்கா விசிலடித்து வண்டியை நிறுத்தி, தரையில் உட்கார்ந்து, மகாவை ஒருக்களித்து மடியில் கிடத்தி, அது அடங்குகிற வரை யாரையும் கிட்டே விடவில்லையாம். அன்றிலிருந்து ஷில்பா சபைக்கு வருகிறாள். மகா தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறாள். வலிப்பு வருவதில்லை, பள்ளிக்கூடம் போகிறாள்.

போன டிசம்பரில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தோம். தமிழ்நாட்டிலிருந்து கிளாரன்ஸ் என்ற பிரசங்கியாரை பாஸ்டர்தான் ஆசைப்பட்டு அழைத்திருந்தார். நல்ல குரல், ஜெபித்தால் ஹாலே அழும். இரண்டாம் நாள் அவர், "விசுவாசி வீட்டுல மருந்து டப்பாவுக்கு என்ன வேலை?" என்றார். அக்கா அதை உயிரில்லாத குரலில் கன்னடத்தில் சொன்னார்.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் ஷில்பா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். மகாவின் மாத்திரையை நிறுத்திவிடவா என்று கேட்டாள். நிறுத்தாதே, அது உனக்குச் சொன்னதில்லை என்றார் அக்கா. "மைக்கில் நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றாள் ஷில்பா.

அக்கா அங்கிருந்து நேராக பாஸ்டரிடம் போனார். நான் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு அந்தப் பொண்ண முன்னாடி கூப்ட்டு இதயே சொன்னாருன்னா நான் இன்னா பண்றது பாஸ்டர்?"

"கர்த்தருடைய ஊழியக்காரருக்கு விரோதமா நாம போகக் கூடாதும்மா. வார்த்தைக்கு அவர் பொறுப்பு. நீ வாய் மட்டும்தான்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஹாலில் நிற்க இடமில்லை. கடைசியில், வியாதி உள்ளவர்கள் முன்னே வரலாம் என்றார் கிளாரன்ஸ். ஷில்பா மகாவைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அவர் முழங்கால் போட்டு, பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. அந்த மனிதரைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் அக்கா கன்னடத்தில் சொன்னார். பிறகு கிளாரன்ஸ் எழுந்து நின்றார்.

"இன்னையிலருந்து இந்தப் பிள்ளைக்கு மாத்திரை கிடையாது. மீறிக் குடுத்தா நீங்க கர்த்தரை நம்பலன்னு அர்த்தம். சொல்லுங்கம்மா."

அக்கா சொல்லவில்லை. மைக் செத்துவிட்டதோ என்று என் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. மைக்கின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்பீக்கரில் அக்கா மூச்சு வாங்குவது கேட்டது.

"சொல்லுங்கம்மா," என்றார் மறுபடியும்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஷில்பாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த இடத்தில் நின்று பொய் சொல்கிறவர் இல்லை அக்கா. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"ஐயா, இத நான் சொல்ல மாட்டேன்."

கிளாரன்ஸ் முகம் சிவந்தது. "கர்த்தருடைய வேலைக்கு ஒரு ஆள்தானா இருக்காங்க? கன்னடம் தெரிஞ்சவங்க யாராவது எழுந்து வாங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஒருவர் எழுந்தால் போதும், காரியம் முடிந்துவிடும். கீபோர்டில் இருந்த லாயிட் கன்னடத்தில் பாட்டே எழுதுகிறவன். அவன் கீபோர்டு கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்கப் போனில் கன்னடம் பேசிச் சம்பளம் வாங்கும் கேரல், தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் அன்று காலைதான் கரண்ட் ஆபீஸில் கன்னடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். குனிந்து என் ஒயர்களைப் பார்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அத்தனை பேர், ஒருவருக்கும் கன்னடம் தெரியவில்லை.

மேடையில் என்ன நடக்கிறதென்று ஷில்பாவுக்குப் புரியவில்லை. "அக்கா, ஏனு ஹேள்தா இதாரே?" என்றாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறாள். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

கிளாரன்ஸ் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது பாஸ்டரை. "பாஸ்டர், நீங்களாவது வாங்க. உங்க சபைதானே."

பாஸ்டர் ஜெயராஜ் எழுந்தார். எனக்கு எல்லாம் போய்விட்டது என்றே தோன்றியது. கிளாரன்ஸ் இவரே அழைத்த விருந்தாளி. இவரோ ஊழியக்காரர் வார்த்தையை ஒருநாளும் தட்டாதவர். மெதுவாக நடந்து போய், கிளாரன்ஸ் நீட்டிய மைக்கை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"எனக்குக் கன்னடம் தெரியும் ஐயா. ஆனா நானும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு ஷில்பாவின் பக்கம் திரும்பினார்.

"மாத்ரே நில்லிஸ்பேடம்மா. நாவு ப்ரார்த்தனேனூ நில்லிஸல்லா."

மாத்திரையை நீ நிறுத்தாதே, ஜெபத்தை நாங்களும் நிறுத்த மாட்டோம். மார்க்கெட்டில் பேரம் பேசிப் பழகிய கரடுமுரடான கன்னடம்தான். ஒரு எழுத்துகூடப் புரியாமல் போகாது. அந்த நிமிஷம் பாஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

ஆனால் ஷில்பா தலையாட்டவில்லை. பாஸ்டரைப் பார்த்தாள், மகாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள், யூனிஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கை உயர்த்தினார். பாஸ்டர் கன்னடத்தில் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே கன்னடத்தில் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஷில்பா தலையாட்டினாள்.