அத்தை போன அன்று ஒயர் மாறியது

எங்கள் நைனாவிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. அதன் பானெட்டுக்குள் வேறு யார் கைவைத்தாலும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அத்தை கழுத்தில் தாலி ஏறிய கையோடு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். பெட்ரோலில் கழுவி, கரி போக உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றையும் முதலில் கையாலேயே திருகினார். ஸ்பேனரைக் கடைசியில்தான் எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரைப் போட்டால் மரை போய்விடும் என்பார். தாய் போனபிறகு அவரே தூக்கி வளர்த்த தங்கை. தன் காரில்தான் புருஷன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

இத்தனைக்கும் மாப்பிள்ளை வீடு நூம்பலில்தான். எங்கள் அயனம்பாக்கத்திலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். நைனாவோ தங்கையைச் சீமைக்கு அனுப்புகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும். அத்தை பின்சீட்டில் உட்கார்ந்தாள். நைனா சாவியைத் திருப்பினார். கார் இருமியது, டமாரென்று ஒரு வெடி வெடித்தது, நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தவர் நிமிரவேயில்லை.

"ஆட்டோ இட்டுகினு வரட்டுமா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"இருங்க மாப்ள, இப்ப ரெடியாயிடும்."

நானும் எட்டிப் பார்த்தேன். அந்த எஞ்சினில் பிளக்குகள் வரிசையாக எரியாது. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு என்று தாண்டித் தாண்டித்தான் எரியும். ஒயரையும் அந்தக் கணக்கில்தான் மாட்டவேண்டும். நைனா சொல்லிச் சொல்லி எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகப் பாடமாகியிருந்தது. ரெண்டாவது ஒயர் மூணாவது பிளக்கில் இருந்தது, மூணாவது ரெண்டாவதில்.

"நைனா, ஒயரு மாறிக்கீது!" என்று கத்தினேன்.

"கம்முனு இரு."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் ராகு காலமும் பிறந்துவிட்டது. அதில் புதுப்பெண்ணை யார் அனுப்புவார்கள்? ஆட்டோ பேச்சே அடங்கிவிட்டது. அத்தை மறுபடி வீட்டுக்குள் வந்தாள். நைனா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், மிஞ்சிய கல்யாணச் சாம்பார் சோற்றைப் பிசைந்து உருண்டை உருட்டி அவள் கையில் வைத்தார். பெட்ரோல் வாடை அடித்திருக்கும். அவளோ கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கண்டுபிடித்துச் சொன்ன எனக்கு ஒரு உருண்டை கிடையாது.

ஆறு மணியானதும் அத்தையே காரருகே போனாள்.

"போதும் அண்ணாத்தே, ஒயர மாத்திடு" என்றாள் மெதுவாக.

 நைனா கண்ணிமைக்கும் நேரத்தில் ரெண்டு ஒயரையும் மாற்றினார். ஒரே சாவியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கார் தெருமுனை திரும்பியதும் அம்மாவிடம் புகார் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேம்மா. நைனாவுக்கு இதுகூட தெரியல."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இதில் அழ என்ன இருக்கிறது, சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நைனாவைவிட எனக்குத்தான் எஞ்சின் தெரியும் என்று ரொம்ப நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.