நான் எழுதிக் கொடுத்த ஸ்டிக்கர்

முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சர்வாதிகாரிகள் பாடம். முதலில் மக்களைப் பயமுறுத்துவான், பிறகு ஓர் எதிரியைக் காட்டுவான், கேள்வி கேட்டவனைத் துரோகி என்பான் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். பாசிசம் என்று ஒன்று வந்தால் திண்டுக்கல்லில் அதை முதலில் மோப்பம் பிடிக்கப்போவது நான்தான் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழுந்த கதை இது.

வடமதுரைச் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் போன வருடம் இரண்டு பைக்குகள் திருடு போயின. தெருச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வேண்டும் என்றார்கள். வந்தவன் என் பழைய மாணவன். அந்தப் பாடத்தில் பத்துக்கு ஒன்பது வாங்கியவன். நல்ல வேலைக்காரன், பொய் சொல்லக் கூடாது. ஒரே வாரத்தில் தெருவிளக்கு எரிந்தது, சாக்கடை அள்ளப்பட்டது. அடுத்த வாரம், வாட்ஸ்அப் குழுவில் இனி அவன் மட்டும்தான் எழுத முடியும் என்று ஆனது. காலை வணக்கப் படங்களின் தொல்லை விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திருடியது வடக்கத்திக்காரர்கள்தான் என்று கூட்டத்தில் சொன்னான். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்து, யார் பார்த்தது என்று கேட்டார்.

"அப்ப நீங்க திருடன் பக்கமாக்கா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். வாயில் உளுந்த வடையோடு நானும் சிரித்தேன். அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

பிறகு, நம் ஆட்கள் இருக்கும் வீட்டுக் கதவுக்கெல்லாம் பச்சை ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றான். என்ன வாசகம் போடுவது என்று கேட்டு என்னிடம்தான் வந்தான். 'இது நம்ம வீடு' என்று எழுதிக் கொடுத்தவன் சாட்சாத் நானேதான். கச்சிதமாக அமைந்துவிட்டது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டது வேறு. ஸ்டிக்கர் இல்லாத குடித்தனக்காரர்களை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வைக்க வேண்டும் என்ற செய்தி ஒரு வாரம் கழித்துக் குழுவில் வந்தது.

என் வீட்டு மாடியில், நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறார். அன்று மாலை படியிறங்கி வந்தார்.

"சார், நம்ம கதவுக்கு ஸ்டிக்கர் இல்லையா?"

தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"பொண்ணுக்கு முழுப் பரீட்சை முடியற வரைக்கும் இருக்கலாமா சார்?"

எனக்கு அவமானமாக இருந்தது. நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவன் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி வரவழைத்தான். மரியாதையில் மட்டும் குறை வைக்க மாட்டான்.

"நான் நடத்துன பாடம் மறந்துபோச்சாடா?"

"மறப்பேனா சார்? அந்த மாதிரி ஒருத்தன் நம்ம ஊருக்குள்ள வந்தான்னா, மொத ஆளா நாந்தேன் எதுத்து நிப்பேன்."

அவன் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"மாடியில இருக்கவங்கள நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்," என்றேன். காப்பியைத் தொடாமல் எழுந்தேன்.

"உங்க இஷ்டம் சார்," என்று சிரித்தான்.

மறுநாள் காலை என் கதவில் இருந்த ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தது. தினமும் என்னை நிறுத்தி வைத்துக் கிரிக்கெட் பேசும் பக்கத்து வீட்டுக்காரர், பால் பாக்கெட்டோடு என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். ஒட்டியிருந்த மிச்சத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஷிப்டு முடிந்து வந்த மாடிக்காரர் சைக்கிளை நிறுத்தினார். கடன் வாங்கி நான் கட்டிய வீடு அது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், அப்ப நீங்களும் மாசக் கடைசியில காலி பண்ணணுமா?"