கன்னம் உப்பாத முகம்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரே குளிக்க ஓடும். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும். காகிதம் நமுத்துப்போகும், பென்சில் பிடிக்காது. அங்கே நான் வரையப் போகிற நாயனக்காரருக்கும் இதே வயிற்றெரிச்சல்தான், தவில் தோல் தொய்ந்துவிடுமே. கோயில் விசேஷத்துக்கு முன்னால் அவர் ஆட்களோடு மண்டபத்தில் ஒத்திகை பார்ப்பார். தவிலையும் என் தாளையும் ஒரே கரிச்சட்டித் தணலில்தான் காட்டி உலர்த்துவோம்.

நான் தென்காசியில் பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார். லீவு விட்டால் அவரை வரையப் பஸ் ஏறிவிடுவேன். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பின மனுஷர் அவர்; என் பென்சிலுக்கு மட்டும் சம்மதித்தார். ஆனால் எனக்காக அசையாமல் உட்காரமாட்டார். எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வாசிக்கும்போது உப்புகிற கன்னம், புடைக்கிற கழுத்து நரம்பு, மூடின கண். இதுதான் எனக்குச் சித்திரம். நாயனத்தை இறக்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு கதையளக்க ஆரம்பித்தாரானால் மண்டபமே சிரிக்கும். நான் தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பேன். மறுபடி எப்போது எடுக்கப்போகிறாரோ என்று மனசுக்குள் திட்டுவேன்.

ஒரு ஐப்பசியில் காய்ச்சல் கண்டு பொசுக்கென்று போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபிறகு அவர் சம்சாரம் எனக்குச் சொல்லியனுப்பினார். கைக்குழந்தை அப்பா முகமே தெரியாமல் வளரக்கூடாதாம், ஒரு படம் வேண்டுமாம். நான் பெருமையாகப் படக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாள் முன்னால் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் ஊருக்கு வாசிச்ச மொகமால்லா இருக்கு வாத்தியாரய்யா. வீட்டுக்கு வந்த மொகம் ஒண்ணுகூட இல்லையா?"

ஞாபகத்திலிருந்தே வரைந்து தருகிறேன் என்று ஒரு வீறாப்பில் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. கன்னத்துக்கு வந்ததும் கை பாட்டுக்கு உப்பவைத்துவிட்டது. அழித்தேன். மறுபடியும் உப்பிற்று. அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

குழந்தையை மடியில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தவர், என் அவஸ்தை பொறுக்காமல் மெதுவாகச் சொன்னார்.

"அவுக சிரிச்சா இடது கன்னத்துல குழி விழுமே. அதைப் போட்டா வந்துரும்லா."

மூன்று சாரல் காலம் அந்த மனுஷர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், பாவி. அந்தக் குழியை நான் பார்த்ததே இல்லை.