குழவி கட்டி நேராக்கிய தந்தி

என் வீட்டுக்காரர் வயலினைத் தொடாமல் விட்ட வருஷம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டிடத்து மாமிகள் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே! அந்த மாதிரிப் பைத்தியம் ஆயுசுக்கு ஒரு தடவையாவது பிடிக்கணும்.

யுத்த காலம். அவருக்குக் கோட்டைப் பக்கம் ஆபீஸில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வயலினைத் தூக்கிக்கொண்டு பஜனைக்கு ஓடிவிடுவார். ஒரு நாள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன் பேர்வழி என்று பெடலைச் சுற்றிக்கொண்டே விரலைக் கொடுத்தார். இடதுகையில் நடுவிரலும் மோதிரவிரலும் பாதியோடு போயின. கை ஆறியது, மனுஷர் ஆறவில்லை. வயலினைப் பட்டுத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பீரோ மேல் ஏற்றிவிட்டார். அப்புறம் வீட்டில் பாட்டு கூடாது. தோசை வார்க்கும்போது நான் வாய் தவறி ஒரு வரி முணுமுணுத்தால்கூட எழுந்து வாசல் வராந்தாவான காலரிக்குப் போய் நின்றுகொள்வார். எனக்கு அழுகையாக வரும், கோபமாகவும் வரும்.

அப்படி ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அதைக் கேட்டேன். முனை ஈரானி ஹோட்டல்காரர், கூட்டமில்லாத மத்தியானத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டி நிறையக் கம்பிகள். கையில் இரண்டு மெல்லிய குச்சிகள். சந்தூராம், அவர் ஊர் வாத்தியமாம். நான் வாத்தியத்தைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்தேன். குச்சியைப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போதும்! வெண்டைக்காய்ப் பையை அங்கேயே வைத்துவிட்டு, "சேட், நாப் லே லூம்?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டு, ஜாண் போட்டுப் பெட்டியை அளந்துகொண்டேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன், வெண்டைக்காயை மறந்துவிட்டு.

முதல் பெட்டி மண்ணெண்ணெய் டின். தட்டினால் பாத்திரக்கடையில் பூனை புகுந்த சத்தம். அடுத்தது தேயிலை வந்த பெட்டிப் பலகை. ஆஹா, நாதம் வந்தது! ஆனால் கம்பியை முறுக்க முறுக்க, பக்கத்தில் அடித்திருந்த ஆணிகள் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தன. பெட்டியே அப்பளமாய் வளைந்தது. கெட்டியான மரம் வேண்டும். ரேஷன் அரிசிக்கே வழியில்லாத காலத்தில் நான் எங்கே போவேன்?

என் மாமியார் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாசிப்பதை நிறுத்திய நாளிலிருந்து அவளும் அதிகம் பேசுவதில்லை. திடீரென்று எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த மணைப்பலகையை என் பக்கம் தள்ளினாள். பாலக்காட்டிலிருந்து கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பலா மணை.

"வீணைகூடப் பலாமரத்திலதானேடி பண்றா? எடுத்துண்டு போய் அறு."

"அம்மா, உங்க கல்யாண மணை..."

"நான் இனிமே எந்த மணையில உட்காரப் போறேன்? அசடு! அறுன்னா அறு."

அறுத்தேன். இரண்டு பக்கமும் பலாக்கட்டை வைத்ததும் பெட்டி மலை மாதிரி நின்றது.

இனிக் கம்பி. வாத்தியக் கடையில் ஜெர்மன் கம்பி நின்றுபோய்ப் பல நாள் ஆச்சு, யுத்தம் முடியட்டும் என்றார்கள். நானா காத்திருப்பேன்? நேரே தாராவி. அங்கே திருநெல்வேலிப் பக்கத்து பாய் ஒருவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளைக் கையில் எடுத்து, "பாய், இதைப் பிரிச்சா உள்ளே மெல்லிசாக் கம்பி இருக்குமில்லையா?" என்றேன்.

"இருக்கும் தாயி. எதுக்கு?"

"வாத்தியம் பண்ண."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க வீட்டுல ஆம்பள ஆளு இல்லையா, நீங்க வந்து இரும்பு பொறுக்குதீயளே?"

"அந்த ஆளுக்காகத்தான் பொறுக்கறேன்!"

அவ்வளவுதான், மனுஷர் கட்சி மாறிவிட்டார். கேபிள் கொடுத்தார். ஆணித் தலைகளைச் சதுரமாக அரத்தால் ராவிக் கொடுத்தார், எங்கள் சுவர்க்கடிகாரச் சாவி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. சாவியைத் திருகினால் சுருதி ஏறும். எனக்கு நடுத்தெருவில் குதிக்கலாம் போலிருந்தது.

ஆனால் பிரித்த கம்பி சுருள் சுருளாக நின்றது. கெட்டிக்காரத்தனமாக அடுப்பில் காட்டி நேராக்கினேன். நேரானது. பெட்டியில் கட்டிச் சாவியைத் திருகினால் ஜவ்வாக இழுத்துக்கொண்டே போய் டப்பென்று அறுந்தது. இன்னொன்று. அதுவும் டப்! தலையில் அடித்துக்கொண்டேன். அரிவாள்மணையை அடுப்புக்கிட்டே கொண்டுபோனால் பதம் போய்விடும் என்று மாமியாரிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன், கம்பியும் இரும்புதானே! அப்புறம் காய்ச்சாமலே, கம்பியின் ஒரு முனையைக் காலரிக் கிராதியில் கட்டி, மறுமுனையில் அம்மிக்குழவியைத் தொங்கவிட்டேன். கீழ்வீட்டு மராத்திக்காரி, "அக பாய்! டோக்யாவர் தகட்!" என்று, தலைமேல் கல் விழப்போகிறதென்று கூப்பாடு போட்டாள். அவள் வாசலுக்கு நேர்மேலே குழவி ஆடினால் கத்தமாட்டாளா? அங்கிருந்து மாற்றி மாடிப்படிச் சந்தில் தொங்கவிட்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி கிடையாது. கம்பிகள் மட்டும் ஒவ்வொன்றாய் நேராகின.

அவரோ இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கடைசியில் ஒரு நாள் வாயைத் திறந்தார். "தட்டினா டிங்குனு ஒரு சத்தம் வரும், நின்னுடும். கமகம் எங்கே வரும்? நம்ம சங்கீதத்துக்கு இது ஆகாது. விறகுக்குப் போடு." சொல்லிவிட்டுப் பாதி விரல்களைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கட்டை பலகையில் சரியாகப் படியாமல் கொரகொரவென்று அதிர்ந்தது. காகிதம் வைத்தேன், துணி வைத்தேன். போகவில்லை.

அதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது. புஸ்தகங்களோடு வயலினையும் பூஜையில் வைத்தாள் மாமியார். பக்கத்தில் என் பெட்டியையும் வைத்து, வாத்தியமாச்சே என்று சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினாள். அது வழிந்து குதிரைக்கட்டை அடியிலெல்லாம் போய்விட்டது. "ஐயோ அம்மா!" என்று துடைக்கப் போனேன். "தொடாதே! பூஜையில வெச்சாச்சு" என்று கையைத் தட்டிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் உழைப்பெல்லாம் சந்தனத்தில் போச்சு.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து அன்றைக்குக் கொஞ்சமாவது வாசிக்க வேண்டும், படிக்க வேண்டும். அம்மா சொன்னால் மறுக்க முடியாது. அவர் வந்து உட்கார்ந்தார். வயலின் பெட்டியை ஒரு தரம் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். பிறகு வேண்டாவெறுப்பாக வலதுகையில் குச்சியைப் பிடித்து என் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார்.

கொரகொர இல்லை! காய்ந்த சந்தனம் இடுக்கையெல்லாம் அடைத்திருந்தது. சுத்தமாக, மணி மாதிரி ஷட்ஜம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் நெற்றி சுருங்கியது. இன்னொரு தட்டு. தெரியாமலோ தெரிந்தோ இடதுகையைப் பெட்டியின் மேல் வைத்தார், பாதி விரல்கள் குதிரைக்கட்டைக்கு அந்தப் பக்கம் கம்பியின் மேல் உட்கார்ந்தன. அழுத்தினார். ஸ்வரம் மெல்ல ஏறி, வளைந்து, இறங்கியது. கமகம்! அவர் கையையே பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் வளைந்தது. மாமியார் புடவைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"சாவி எங்கே?" என்று கத்தினார். "மேல் பஞ்சமம் இறங்கியிருக்கு. யார் கட்டினது இதை, காதே கிடையாதா?"

நான் அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை எத்தனையோ திட்டியிருக்கிறார். அத்தனை இனிப்பான திட்டு அதற்கு முன்னால் வாங்கியதில்லை. அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே போய்ப் பார்த்தால், பூஜை முடிந்து மறுபடி பீரோ மேல் ஏறியிருந்த வயலினை இறக்கி, சுற்றியிருந்த பட்டுத்துணியை உருவிக்கொண்டிருந்தார். உருவி, என் தேயிலைப் பெட்டிக்குச் சுற்றினார்.

"என்ன நின்னுண்டு பார்க்கறே? புடவையை மாத்திண்டு வா" என்றார். "பஜனை நடுவில கம்பி அறுந்தா யார் கட்டறது?"