முழங்கைக்கு மேலே ஒரு பிடி

லுவா யாருடைய விரலையும் கோத்துக்கொள்வதில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, சட்டையோடு சேர்த்து ஒரே பிடி. ஹனோயின் ஏரிமுனையில், ஒரு காலைச் சாலையிலும் மறு காலை நடைபாதையிலும் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிற எந்த வெளியூர்க்காரரும் அவளுக்கு வேண்டியவர்தான். முதலில் அவருக்கு இடப்பக்கம் போய் நின்றுகொள்வாள். பாதிச் சாலை தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் வந்துவிடுவாள். வண்டி எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் அவள் உடம்பு.

அங்கே சிக்னல் உண்டு. அது பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும், வண்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

“நிக்காத. ஓடாத. காலைப் பின்னால வச்சிராத. ஒரே நடை” என்று தன் மொழியிலேயே சொல்வாள். வந்தவருக்கு ஒரு எழுத்துப் புரியாது, ஆனாலும் கேட்பார். வண்டி ஓட்டுகிறவன் நம் நடையைக் கணக்குப் பண்ணித்தான் வளைத்துக்கொண்டு போகிறான். நடுவில் நடையை மாற்றினால் அவன் கணக்குக் கெட்டு நம் மேலேயே வந்து விழுவான். இதற்கு மேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை.

அறுபதைத் தாண்டியவள். பூப்போட்ட சட்டை, அதே துணியில் கால்சட்டை, அதற்கு மேல் விரல் நுனிவரை மூடுகிற வெயில் அங்கி. காசு நீட்டினால் முறைப்பாள். வீடு இந்தப் பக்கம், பழைய நகரத்துச் சந்துக்குள். ஆளைக் கொண்டுபோய் விடுவது அந்தப் பக்கம், ஏரிக்கரையில். விட்டதும் திரும்பி வந்துவிடலாம் அல்லவா? வரமாட்டாள். இந்தப் பக்கம் வரவேண்டிய இன்னொரு ஆள் கிடைக்கும்வரை அங்கேயே காத்திருப்பாள். ஏரிக்கரை நடைபாதையில் ஐஸ் டீ விற்கிற முய்க்கு இது பெரிய வேடிக்கை.

“என்னக்கா, ரிட்டன் லோடு கிடைக்கலியா?”

“உன் வேலையைப் பாருடி. டீயில தண்ணி ஊத்து.”

“அதெல்லாம் ஊத்தியாச்சு. நீங்க உக்காருங்க.”

லுவா சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, எவன் தயங்குகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொல்லிவிடுவதே மேல்: லுவாவைத் தொட ஆள் இல்லை. கணவர் தியெம் போய்ச் சேர்ந்து சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. மகள் கொரியாவில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவாள். பேரன் திரைக்கு முத்தம் கொடுப்பான். தலை சுத்தமாக இருக்கும்போதே லுவா தலை அலசிவிடுகிற கடைக்குப் போய் மல்லாந்து படுத்துக்கொள்வாள். கடைப் பெண் விரல்களால் உச்சியை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்வாள். தினம் போனால் என்ன நினைப்பாளோ என்று வாரம் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள். மற்றபடி அவள் கையில் மனிதச் சூடு படுவது இந்தச் சாலையில்தான்.

மழை தொடங்கிய மாதத்தில் அதற்கும் வந்தது வினை. வாட்டசாட்டமான ஒருவரின் முழங்கையை லுவா பிடித்ததும் அவர் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். பையை வயிற்றோடு கட்டிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பையைப் பிடுங்குவார்கள், போனைப் பிடுங்குவார்கள் என்று ஊரில் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். கூட்டம் கூடிவிட்டது. வார்டு போலீஸ்காரன் குயெத் வந்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, லுவாவை ஓரமாகக் கூப்பிட்டான்.

“பெரியம்மா, உதவி பண்ணுங்க, வேணாங்கல. ஆனா ஆளைத் தொடாதீங்க.”

“தொடாம எப்படிப்பா அந்தப் பக்கம் கொண்டுபோறது? ஊதி விடவா?”

“முன்னால நடங்க. அவங்க பின்னால வருவாங்க. எனக்கும் மேல இருந்து கேக்குறாங்க பெரியம்மா, புரிஞ்சுக்குங்க.”

நல்ல பையன்தான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான்.

மறுநாளிலிருந்து லுவா இரண்டு கைகளையும் அங்கியின் கைகளுக்குள் இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் சொன்னபடியே பின்னால் வந்தார்கள். நிற்கவில்லை, ஓடவில்லை, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கரை போனதும் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் பிடி இல்லாமலே அவர்களால் தாண்ட முடிகிறது. குயெத் சொன்னதைவிட இதுதான் அவளை அடித்துப்போட்டது.

நேற்றுச் சாயங்காலம் லுவா ஏரிக்கரைப் பக்கம் இருந்தாள். அலுவலகம் விட்ட நேரம். வண்டிகள் முட்டிக்கொண்டு போயின. சுற்றுலாக்காரர்கள் யாரையும் காணோம். முக்காலியிலிருந்து எழுந்து விளிம்புக்குப் போனாள். ஒரு காலைச் சாலையில் வைத்தாள். மறு காலை எடுக்கவில்லை.

முய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, வழி மறந்துபோச்சா?”

லுவா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை மட்டும் உடம்பை விட்டு இம்மி விலகியிருந்தது.

முய் கெட்டிலைக் கீழே வைத்தாள். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, முழங்கைக்கு மேலே பிடித்தாள். பிடித்தது வலப்பக்கம். வண்டிகள் வந்தது இடப்பக்கம். லுவா திருத்தவில்லை. இருவரும் இறங்கி நடந்தார்கள். பாதிச் சாலை தாண்டியதும் லுவா கையை விலாவோடு சேர்த்து, முய்யின் விரல்களை இடுக்கில் இறுக்கிக்கொண்டாள்.

“ஒரே நடைக்கா” என்றாள் முய். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

எதிர் விளிம்பு நெருங்க நெருங்க, லுவாவின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது.