பிள்ளைகள் இல்லாத படகு

மண்ணூர் பக்கம் ஒயர் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நன்றாக எழுதுவேன் என்பதால், கம்பெனியில் எங்கள் லைனுக்கு அறிவிப்பு எழுதுவது என் பொறுப்பு.

கம்பெனிச் சுற்றுலா போனால், கூட வேலை செய்யும் அக்காமார் பிள்ளைகளுக்குச் சோறூட்டியே களைத்துவிடுவார்கள். இந்த வருடம் சனிக்கிழமை முட்டுக்காட்டில் படகுப் பயணம், பெரியவர்களுக்கு மட்டும் என்று நானே முடிவுசெய்து எழுதி ஒட்டினேன். மூன்று நாளாகியும் கல்யாணமான ஒருவர்கூடப் பெயர் தரவில்லை. ஆள் சேராவிட்டால் பயணம் ரத்து என்றார் சூப்பர்வைசர்.

கோபமாகக் கஸ்தூரி அக்காவிடம் கேட்டேன். "உங்களுக்காகத்தானேக்கா எழுதினேன்?"

"நல்லாத்தான் எழுதிக்கீற. எம் புள்ளைங்கள யாரு பாத்துக்குவா, சூப்பர்வைசரா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்றே தாளைக் கிழித்தேன். அக்காமார் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு, கணவர்கள் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பயணத்தை மாற்றினேன். "புள்ளைங்கள பாத்துக்கறேன். சோறு?" என்றார் அக்காவின் கணவர்.

"அதையும் நீயே ஆக்கு" என்றார் அக்கா.

பதினோரு பேர் போனோம். நடுத்தண்ணீரில் அக்கா சொன்னார்: "ஒரு மணி நேரமா யாரும் என்னை அம்மான்னு கூப்புடல. இன்னா சொகமா கீது!"

இப்போதெல்லாம் யாருக்காக எழுதுகிறேனோ, அவர்களைக் கேட்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.