தடைக்காலம் முடிவதற்குள் ஒரு மஞ்சள் படகு

திரைப்படத் தொழிலில் கன்டினியூட்டி பார்ப்பவரின் பெயர், ஏதாவது தவறு நடந்தால்தான் மற்றவர்களுக்கு நினைவு வரும். முந்தைய ஷாட்டில் இடத்தோளில் தொங்கிய பை அடுத்த ஷாட்டில் வலத்தோளுக்கு மாறாமல் காப்பது என் வேலை. கேஸை அணைத்தோமா என்ற ஐயத்தில் தெருமுனையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் என் இனம்.

பழைய தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தொடர் ஒன்றை, பொம்மைகளுக்குப் பதிலாக மனிதர்களை வைத்துக் குடும்பப் படமாக எடுத்தோம். சிட்டு என்ற சிறுமி, அவளுடைய மஞ்சள் படகு, அறிவுரை சொல்லும் ஒரு கூழைக்கடாப் பறவை, கதை இவ்வளவுதான். படகுக்குச் சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பினோம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஏறத்தாழ இரண்டு மாதம் கரையில் நிற்கும். தடை நீங்கும் காலையில் எங்கள் படகும் போய்விடும். அதற்குள் முடிவுக்காட்சி கைக்கு வராவிட்டால் படம் பெட்டிக்குள் கிடக்க வேண்டியதுதான். இயக்குநர் அருணுக்கு இது முதல் படம். இது முடங்கினால் இரண்டாவது கிடையாது. இது தெரிந்த நாள்முதல் நான் உட்கார்ந்து காப்பி குடிக்கவில்லை.

எந்த மஞ்சள்?

தொடரின் படகு மஞ்சள் நிறம் என்பதில் ஐயமில்லை. எந்த மஞ்சள் என்பதில்தான் ஐயம். தேய்ந்துபோன ஒளிநாடாக்களில் ஓர் அத்தியாயத்தில் எலுமிச்சை, அடுத்ததில் மாம்பழம், மூன்றாவதில் பழைய சாம்பார். நான் பதினொரு மாதிரி அட்டைகளை வரிசைப்படுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பெயின்டர் பீடி பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகின் உரிமையாளர் தேசம்மா, அடிப்பகுதியில் கைவைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கே அரசு சொன்ன நிறம்தான் இருக்க வேண்டும். மேலே உள்ள கேபினுக்கு மட்டும் அனுமதி. வண்ணம் காய்ந்ததும் வந்து பார்த்தார். இடுப்பில் கைவைத்தபடி படகை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம், கவலையோடு கேட்டார்:

"இன்னா மேடம், நல்லா இருந்த படகுக்கு மஞ்சக் காமாலை வரவெச்சுட்டீங்களே?"

பொம்மைக்கு விழாத பல்

பொம்மைகள் வளர்வதில்லை. சிட்டுவாக நடித்த மிருதுளாவுக்கு எட்டு வயது. எண்ணூரில் முகத்துவாரக்குப்பத்துக் கரையோரம் ஒரு காட்சியின் முதல் பாதியைக் காலையில் எடுத்தோம். உணவு இடைவேளையில் அவள் ஒரு கடலை மிட்டாயைக் கடித்தாள். முன்பல் மிட்டாயோடு போய்விட்டது. காட்சியின் முதல் பாதியில் பல் உண்டு, இரண்டாம் பாதியில் கிடையாது. நடுவில் கதைப்படி கழிந்தது அரை நிமிடம்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் மருத்துவர், மாட்டிக் கழற்றும் பல் ஒன்றைச் செய்து தந்தார். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் நாட்காட்டியைப் பார்த்த பார்வையில் அதுவே கிழிந்திருக்கும். நாற்காலியில் வாய் திறந்து படுத்திருந்த மிருதுளா, மருத்துவர் கண்ணாடியைத் துடைத்த இடைவெளியில் என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்:

"அந்த பொம்மைக்கு பல்லே இல்ல ஆன்ட்டி. அப்ப யாரும் டென்ஷன் ஆகலையே?"

கூழைக்கடாவிடம் பேசுவது எப்படி

படகின் டிரைவர் மாரி, படத்திலும் படகு ஓட்டுபவராகவே நடித்தார். அவர் கூழைக்கடாவோடு உரையாட வேண்டும். பறவையைப் பிறகு கணினியில் வரைந்து சேர்ப்பார்கள். அப்போதைக்கு ஒரு கம்பின் முனையில் டென்னிஸ் பந்து. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என் பிடிவாதம் என்பதால், தொடரின் வசனத்தையே எழுத்து மாறாமல் கொடுத்திருந்தேன்: "நண்பனே, அலைகள் சீறுகின்றன. நாம் கரை சேர்வோமா?"

ஒன்பது டேக். எண்ணூர்க் காற்றில் கடலோடுகிற மனிதர், டென்னிஸ் பந்துக்கு முன்னால் வியர்த்து நின்றார். எப்படிச் சொல்வீர்கள் என்று கடைசியில் நானே கேட்டேன். "கடலு பேஜாரா கீதுபா, கரைக்குப் போலாமா?" என்றார். குழுவில் இருவர் சிரித்தார்கள். மாரியின் முகம் மாறியது. சினிமாவில் தங்கள் பேச்சு எதற்குப் பயன்படுகிறது என்பதை அவர் அறிவார். இந்தப் படத்தில் யாரும் சிரிப்பதற்காக இது வராது என்று சொல்லி, அவருடைய வரிகள் முழுவதையும் அவர் வாய்மொழிப்படியே திருத்தி எழுதினேன். பத்தாவது டேக் ஓகே. போகும்போது ஆறுதலாகச் சொன்னார்:

"பந்துகூட பேசறதுல இன்னா கஷ்டம் மேடம்? நீங்க குடுத்த தமிழ்ல பேசினா நெஜக் கூழைக்கடாவே எழுந்து பூடும்."

மூலத்தை அறிந்தவர்

தடை முடிய ஐந்து நாள் இருக்கையில் இராயபுரத்திலிருந்து ரயில்வே ஊழியர் ஒருவர், மனைவி மக்களோடு படப்பிடிப்பைப் பார்க்க வந்தார். பெயர் ஜோசப். சிறுவயதில் தொடரின் ஓர் அத்தியாயத்தைக்கூடத் தவறவிட்டதில்லையாம். படகைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. சிட்டுவின் படகு பச்சை நிறம் என்றார்.

நான் ஒளிநாடாப் படங்களைக் காட்டினேன். மாதிரி அட்டைகளைக் காட்டினேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அருண் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருந்தும் என்னால் அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பச்சையாகவா தெரிந்தது என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார்:

"எங்க வூட்ல பிளாக் அண்ட் ஒயிட் டிவிதான் மேடம். ஆனா அது பச்சைன்னு எனக்குத் தெரியும்."

ஒன் மோர்

தடைக்காலத்தின் கடைசி இரண்டு நாளும் காற்றும் மழையும். முடிவுக்காட்சி மட்டும் எஞ்சியது. தொடரில் சிட்டு படகில் ஏறிப் போவாள். தடை நீங்கும் அன்று விடியற்காலையில் குழந்தையைப் படகில் ஏற்ற முடியாது. ஐஸ் நிரம்பிவிட்டது, ஆட்கள் ஏறிவிட்டார்கள். ஆகவே முடிவை மாற்றினோம்: சிட்டு கரையில் நிற்பாள், படகு மட்டும் போகும். வரிசை வரிசையாகப் படகுகள் புறப்பட, நடுவே எங்கள் மஞ்சள் கேபின். கற்பூர வாசனையும் டீசல் வாசனையும் கலந்திருந்தன. கேமரா ஓடியது. மிருதுளா அசையாமல் நின்றாள்.

அப்போது ஐஸ்பெட்டி வண்டி ஒன்று குறுக்கே போயிற்று. நல்ல ஷாட் கெட்ட பதற்றத்தில் அருண் உதவியாளரின் மைக்கைப் பிடுங்கிக் கூவினார்: "மாரி அண்ணே! திரும்பி வாங்க! ஒன் மோர்!"

கரை முழுவதும் பேச்சு நின்றது. கூடைகளோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடலுக்குப் போகிற படகை, முதல் பயணத்தில், பின்னாலிருந்து பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டிருக்கிறோம். அந்தக் கரையில் இதைவிடப் பெரிய அபசகுனம் இல்லை. அருணுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது, ஒரு நொடி தாமதமாக. இரண்டு மாதம் பல்லையும் வண்ணத்தையும் குறித்தவள், இதைக் குறித்து அவரை எச்சரிக்கவில்லை. மாரி திரும்பவில்லை. படகு போய்விட்டது. தேசம்மா நடந்து வந்து, அருணின் கையிலிருந்த மைக்கை வாங்கி, சுவிட்சை அணைத்து, என் பையில் போட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

மானிட்டரில் பார்த்தோம். ஐஸ்வண்டி போகிறது, கூவல் கேட்ட மிருதுளா திடுக்கிட்டுத் திரும்புகிறாள், கரையே மௌனமாக நிற்பதைப் பார்க்கிறாள், பயந்து மறுபடி படகைத் தேடுகிறாள். எந்தக் காகிதத்திலும் எழுதப்படாத முகம். ஒலியை நீக்கிவிட்டால் அதுதான் படத்தின் முடிவு. அருண் அழுதார். என்னால் அதில் மகிழ முடியவில்லை. வேலை முடிந்த பிறகும், படகு திரும்பும்வரை தினமும் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி, ஏதோ மறந்துவிட்டுப் போனவளைப் போலக் காசிமேட்டுக்கு வந்து நின்றேன். ஏழாம் நாள் மஞ்சள் கேபின் தெரிந்தது. படகில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த என்னைத் தேசம்மாதான் முதலில் பார்த்தார்:

"எல்லாரும் வந்துட்டாங்க, மீனும் கீது. போய் உக்காந்து ஒரு டீ குடி யக்கா. ஆனா அந்த மைக்குக்காரன் மட்டும் இந்தப் பக்கம் வரவே கூடாது, சொல்லிட்டேன்."

படத்தில் தெரிகிற என் பிழைகளை இதுவரை ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. படத்தில் கேட்காத அந்த ஒரு கூவலைப் பற்றித்தான் காசிமேட்டில் இன்றும் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்கள்.